செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தவர்கள்

ஆறுகல்பட்டியில் செவ்வாய்க்கிழமை காணாமல் போனபோது யாரும் போலீஸுக்குப் போகவில்லை. போயிருந்தாலும் புகார் நின்றிருக்காது. கொடுத்தவர்கள் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார்கள், அதுவும் சும்மா கொடுக்கவில்லை, ஆளுக்கொரு தோள்பையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் தள்ளி, ஒரு பொறியியல் கல்லூரியையும் அதை நம்பிப் பிழைக்கிற பதினேழு லேடீஸ் ஹாஸ்டல்களையும் எண்ணி முடியாத ஜெராக்ஸ் கடைகளையும் கொண்ட அந்த ஊரில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம், கல்லூரி வாசலில் ஒரு வங்கி குடை நட்டு மேஜை போட்டது. மாணவர்களுக்கான கிரெடிட் கார்டு. சம்பளச் சீட்டு வேண்டாம், சொத்து வேண்டாம், அப்பாவின் கையெழுத்து வேண்டாம். விண்ணப்பத்தின் பதினோராவது விதியில், பொடி எழுத்தில்கூட இல்லை, மற்ற விதிகளின் எழுத்தளவிலேயே, கார்டு நடப்பில் இருக்கும் வரை வாடிக்கையாளரின் செவ்வாய்க்கிழமைகள் வங்கிக்குச் சேரும் என்று அச்சடித்திருந்தது. படிக்காமல் ஏமாந்தார்கள் என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு, அது பொய். எல்லாரும் படித்தார்கள், படித்துவிட்டுச் சிரித்தார்கள். செவ்வாயோ வெறுவாயோ என்று கேட்டு வளர்ந்தவர்கள், செவ்வாயில் பெண் பார்க்கப் போகாத, செவ்வாயில் நிலம் பதியாத, செவ்வாயில் முடி வெட்டாத வீடுகளிலிருந்து வந்தவர்கள், யாரும் தொடாத ஒரு நாளை எடுத்துக்கொண்டு நாற்பதாயிரம் ரூபாய் வரம்பு கொடுக்கிற வங்கியைப் பார்த்து, பாவம், வடக்கத்தி வங்கி, விவரம் தெரியவில்லை என்று பரிதாபப்பட்டார்கள்.

வங்கிக்கு விவரம் தெரிந்திருந்தது. எந்த நாளைக் கேட்டால் இந்த ஊர் முகம் சுளிக்காது என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கார்டு கைக்கு வந்த வாரமே நடந்தது. திங்கட்கிழமை படுத்தவர்கள் புதன்கிழமை எழுந்தார்கள். நடுவில் கட்டிலில் தலையணைக் குழி மட்டும் இருந்தது. அவர்களுக்கு வலியில்லை, கனவில்லை, பசியில்லை. நெஞ்சுக்குள் ஒரு படி குறைந்த மாடிப்படியில் கால் வைத்தது மாதிரி ஒரு சின்னத் தடுமாற்றம், அவ்வளவுதான், அதுவும் மூன்றாவது வாரம் பழகிப்போயிற்று. ஊரும் பழகிக்கொண்டது. ஹாஸ்டல்களில் செவ்வாய் உலை வைப்பதை நிறுத்தினார்கள், ஆனால் மெஸ் பில்லில் ஏழு நாள் போட்டார்கள். கல்லூரி செவ்வாய்க்கிழமை வருகைப் பதிவேட்டில் எல்லாருக்கும் வந்ததாகவே போட்டது, ஏனென்றால் வராதவர்களுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி எவனாவது வழக்குப் போடுவான். அம்மன் கோயில் பூசாரி மட்டும், அம்மனுக்கு உகந்த நாளில் எலுமிச்சை விளக்குப் போட ஆளில்லையே என்று கொஞ்ச நாள் முனகினார். பிறகு அவரும் கார்டு வாங்கிவிட்டார், செவ்வாய்தோறும் அம்மன் பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாக இருந்தாள். இத்தனை பேருடைய செவ்வாய்களும் எங்கே போகின்றன என்று கேட்டவர்கள் குறைவு. கல்லூரிப் பொருளாளர் ஒரே மழைக்காலத்தில் ஐந்து மாடி எழுப்பினார் என்பதும், அவருக்கு மட்டும் வாரத்துக்கு எட்டோ ஒன்பதோ நாள் வருகிறது என்று கொத்தனார்கள் சொல்லிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. அவரிடம் கேட்டதற்கு, உழைப்பு என்றார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் பிரதீபா கார்டு வாங்கியபோது அவளும் சிரித்தவள்தான். சிவில் மூன்றாம் வருஷம். கல்லூரி சொன்ன கடையில் கல்லூரி சொன்ன லேப்டாப் வாங்க கார்டைத் தேய்த்தாள், ஹாஸ்டல் முன்பணத்துக்குத் தேய்த்தாள், ஒரு ஜோடி ஷூவுக்கும் நாலைந்து பிரியாணிக்கும் தேய்த்தாள், மறைப்பானேன். வரம்பு தீர்ந்தது. தீர்ந்த பிறகுதான் செவ்வாய்க்கிழமை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்தது.

அவளுடைய அப்பா குப்புராஜ் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுக்காரர்களின் போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கப் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. அவருடைய வண்டி சத்தீஸ்கரில் ஒரு காட்டுக்குள் நின்றது, அங்கே மரத்தில் ஏறினாலும் சிக்னல் கிடையாது. ரிக் வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம், செவ்வாய்க்கிழமை பூமியில் புதுக் குழி தொடங்க மாட்டார்கள். எத்தனை அவசரமானாலும், எந்த ஊர்ப் பெரிய மனிதர் கேட்டாலும், செவ்வாயில் மண்ணைக் குத்தினால் தண்ணீர் வராது, ராடு முறியும், ஆள் விழும். அதனால் அன்றைக்கு லீவு, அன்றைக்கு டீசலுக்கும் அரிசிக்கும் டவுனுக்கு இறங்குவார்கள், அன்றைக்குத்தான் குப்புராஜின் பட்டன் போன் உயிர் பெறும், அன்றைக்குத்தான் அவர் மகளுக்குப் பேசுவார். மூன்று வருஷமாக அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது இருபத்திரண்டு செவ்வாய்களாகக் காலியான கட்டிலில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. புதன்கிழமை எழுந்தவுடன் அவள் பார்க்கிற முதல் விஷயம் அதுவாக இருந்தது: ஏழு தவறிய அழைப்புகள், ஒன்பது தவறிய அழைப்புகள், போன வாரம் இரண்டே இரண்டு. திருப்பி அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஹாஸ்டல் நடத்துகிற தங்கமணி அக்காவுக்குக் கார்டு இல்லை. அவளுக்கு வங்கி என்றாலே அலர்ஜி, சீட்டுதான். பிரதீபா ஒரு திங்கட்கிழமை போனை அவளிடம் கொடுத்து, அப்பா கூப்பிட்டால் விவரத்தைச் சொல்லுங்கள், கல்லூரிக் கட்டணத்தில் பதினெட்டாயிரத்து ஐநூறு பாக்கி, கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். புதன்கிழமை காலையில் தங்கமணி அக்கா போனைத் திருப்பிக் கொடுத்த விதத்திலேயே விஷயம் தெரிந்தது.

"என்னக்கா சொன்னாரு?"

"ஏம் புள்ள, உங்கப்பன் என்னைய என்ன வார்த்தை கேட்டுப்போட்டாரு தெரியுமா? 'பிரதீபாளுக்குப் பீஸு கட்டோணுமுங்'ன்னு நான் வாயெடுக்கல, 'யாரும்மா நீ, இந்த மாதிரி புள்ள பேரச் சொல்லிக் காசு புடுங்கற கும்பலு எங்க வண்டியிலயே ரெண்டு பேரை மொட்டையடிச்சிருச்சு, என்ற புள்ள வாயில கேட்டாத்தான் காசு, வையி போனை'ங்கறாரு. நான் அடுப்புல சாம்பார வெச்சுட்டு நிக்கறேன், என்னையப் பாத்துக் கும்பலுங்கறாரு!"

"நீங்க ஹாஸ்டல்லருந்து பேசறேன்னு சொல்லலியா?"

"சொன்னேன். 'கும்பல்காரிக அத்தனை பேரும் ஹாஸ்டல்லருந்துதான் பேசறாளுக'ன்னாரு. விவரமான மனுசன்தான், போ."

கார்டை ஒப்படைத்துவிடலாம் என்று பார்த்தாள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது: கார்டை ரத்து செய்யும் பிரிவு செவ்வாய்க்கிழமை மட்டும் இயங்கும்.

பிரதீபா போனைச் சுவரில் அடிக்கப்போய், லேப்டாப்பைப் போல அதற்கும் மாதத் தவணை பாக்கியிருப்பது ஞாபகம் வந்து, கட்டிலில் அடித்தாள்.

அந்தப் புதன்கிழமை கல்லூரிப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். கட்டணப் பாக்கி உள்ளவர்கள் வியாழன் மாலை நான்கு மணிக்குள் செலுத்தி ஹால் டிக்கெட் பெற வேண்டும். தவறினால் வெள்ளிக்கிழமை மண் இயக்கவியல் தேர்வு எழுத முடியாது. ஒரு அரியர் விழுந்தால் தை மாதம் ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். அறிவிப்புக்கு நேர் கீழே, அதே பசையில், இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தது: ஊரார் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிற இரண்டாவது கார்டு, இனி மாணவர்களுக்கும், பத்தே நிமிடத்தில், முதல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

இரண்டாவது கார்டு கேட்டது ராகு காலத்தை.

ஹாஸ்டல் அறையில் இதைப் பற்றிப் பேச்சு நடந்தபோது, ஆம்பூரிலிருந்து வந்து கூடப் படிக்கிற ஆஃப்ரின் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு தன் புது கார்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் காலையிலேயே வாங்கிவிட்டாள்.

"தினம் ஒன்றரை மணி நேரம்டி," என்றாள் பிரதீபா.

"உங்களுக்குத்தாம்மா ராகு காலம். எங்க வீட்ல அந்தக் காலமே கிடையாது. என்கிட்ட இல்லாதத எப்டி எடுப்பாங்க? நான் கார்டு விக்கற அந்த அண்ணன்கிட்டயே கேட்டேன், சிரிச்சாரு."

"சிரிச்சா என்ன அர்த்தம்?"

"இல்லன்னு அர்த்தம். நீ எதுக்கெடுத்தாலும் மூஞ்சியத் தூக்கிக்கினு நிப்ப. வாங்கு, பீஸக் கட்டு, வேலைக்குப் போயி அடச்சிரலாம். இந்த ஊர்ல யாரு வாங்கல சொல்லு? மேத்ஸ் சார் வாங்கிட்டாரு. டிபார்ட்மென்ட் மொத்தமும் வாங்கியாச்சு, சம்பளக் கணக்கோட சேத்தே குடுத்துட்டாங்களாம்."

அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டு. புதன்கிழமை. ஆட்டிக்கொண்டிருந்த கார்டு விரிப்பில் விழுந்தது, ஆஃப்ரின் இருந்த இடத்தில் நீட்டிய காலின் தடம் மட்டும் இருந்தது. வங்கிக்கு மத பேதம் கிடையாது. ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தவள், "சேத்தே குடுத்துட்டாங்களாம், அப்புறம் என்ன?" என்று முடித்தாள். எங்கும் போய்வந்ததாக அவள் நம்பவில்லை. மெஸ்ஸில் சோறு தீர்ந்துபோனதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஊர் இதையும் முன்பே செரித்துக்கொண்டிருந்தது. ராகு காலத்தில் ஆட்டோ ஓடவில்லை. அந்த நேரத்தில் எவன் பயணம் புறப்படுவான் என்றார்கள். வங்கிக் கிளையே அந்த நேரத்தில் பாதி காலியாக இருந்தது. ஞாயிறு மாலை கிரிக்கெட்டில் நாலரை மணிக்கு ஃபீல்டர்கள் மறைந்தால் மட்டைக்காரர்கள் ஆறு மணி வரை ஓடி ஓடி ரன் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி வந்தது. கல்யாண மண்டபக்காரர் மட்டும், கூட்டம் தானாக வந்து தானாகப் போகிறது, சௌகரியம் என்றார்.

வியாழக்கிழமை ஒன்றேகால் மணிக்குப் பிரதீபா வாசலில் குடைக்கு அடியில் போய் நின்றாள். மேஜைக்குப் பின்னால் நவீன் பிரகாஷ் டை கட்டி உட்கார்ந்திருந்தான். அதே கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவன். அவனிடம் ஐந்து கார்டு இருந்தது. அவன் புதன், வியாழன் இரண்டு நாளில் மட்டும், அதுவும் பகலில் மட்டும் தென்பட்டான். இருபத்தாறு வயது, ஆனால் மீசை இப்போதுதான் முளைத்தது போல இருந்தது. நாள் குறைந்தால் வயதும் குறைவாகத்தானே ஏறும்.

"வாங்க சிஸ்டர். ஆதார் இருக்குதா? அப்ரூவல் ஆயிருச்சு உங்களுக்கு, ப்ரீ அப்ரூவ்டு. இங்க ஒரு கையெழுத்து, கவுண்டர்ல போயிக் காட்டுனா உடனே பீஸ் கட்டிரலாம்."

"அண்ணா, மொதல் கார்ட கேன்சல் பண்ணோணும்."

"செவ்வாய்க்கிழமை வாங்க சிஸ்டர்."

"செவ்வாய்க்கிழமைதான் நீங்க எடுத்துக்கிட்டீங்களே!"

"நான் எடுக்கல சிஸ்டர், பேங்க்கு."

"எங்கப்பன் குரலைக் கேட்டு அஞ்சு மாசம் ஆச்சு. அவர் பணம் வெச்சிருக்காரு. கேட்டாக் குடுப்பாரு. கேக்கறதுக்குத்தான் எனக்கு நாளில்ல. அந்த நாளையும் புடுங்கிட்டு, அந்த நாள் இல்லாததுனால வந்த கஷ்டத்துக்கு இன்னொரு கார்டு விக்கறீங்க. இது உங்களுக்கே அசிங்கமா இல்லியா?"

நவீன் பிரகாஷ் டையைத் தளர்த்தினான். "கோவப்படாதீங்க. நான் என்ன பண்ண? டார்கெட். இந்த மாசம் இன்னும் பதினோரு பேர் சேர்க்கலீன்னா என் சம்பளத்துல கை வைப்பாங்க. ராகு காலம் தானுங்க சிஸ்டர், நல்ல காரியம் ஒண்ணும் செய்யாத நேரம், போனா என்ன, உங்களுக்கு அதுல நஷ்டம்னு ஒண்ணு..."

மணி ஒன்றரை. வியாழக்கிழமை. நாற்காலி காலியாயிற்று, டை நுனியில் இருந்த கிளிப் மேஜையில் உருண்டு நின்றது.

பிரதீபா குடைக்கு அடியில் விண்ணப்பத்துடன் தனியாக நின்றாள். பேனா இருந்தது, மசி இருந்தது, எங்கே கையெழுத்திட வேண்டும் என்று பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருந்தது. கடைத்தெரு பாதி வெறிச்சோடியிருந்தது. டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது, மாஸ்டர் மூன்று மணிக்குத்தான் வருவார். கையெழுத்துப் போட்டால் தேர்வு. போடாவிட்டால் அரியர். அவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். பெயரில் முதல் எழுத்தைக்கூட எழுதிவிட்டாள். பிறகு எந்தெந்த நேரத்தை இழக்கப்போகிறோம் என்றாவது பார்ப்போம் என்று, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் தூக்கி, அட்டையில் அச்சடித்திருந்த ராகு காலப் பட்டியலை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது. சனி ஒன்பதிலிருந்து பத்தரை. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

விரல் நின்றது. நாளைக்கு வெள்ளி. தேர்வு பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிகிறது.

தேர்வு எழுதப் பணம் கட்டுவதற்காக வாங்குகிற கார்டு, அந்தத் தேர்வின் நடுப் பகுதியைத் தின்றுவிடும். இதை வங்கியில் ஒருவரும் பார்க்கவில்லையா, பல்கலைக்கழகத்தில் ஒருவரும் பார்க்கவில்லையா, கால அட்டவணை போட்டவன் பார்க்கவில்லையா என்று நினைத்தபோது அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பார்த்திருப்பார்கள், பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றிருப்பார்கள் என்று தோன்றியபோது சிரிப்பு நின்றது. அவள் மூன்று மணி வரை அங்கேயே நின்றாள். போய்விடலாம்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு நவீன் பிரகாஷ் நாற்காலியில் இருந்தான். "...இல்லவே இல்ல," என்றான்.

"நாளைக்குப் பத்தரைக்கு நான் பரீட்சை எழுதிட்டிருக்கோணும்."

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டிருந்தது. "ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருக்குதே சிஸ்டர். பாஸ் பண்ண அது போதும். அதுவுமில்லாம ராகு காலத்துல எழுதுனா உருப்படுமா?"

பிரதீபா விண்ணப்பத்தை நாலாகக் கிழித்தாள். கிழித்ததை அவன் கையிலேயே கொடுத்தாள். "நீங்க மெக்கானிக்கல் படிச்சீங்களே, எதுக்குண்ணா?" என்றாள். அவன் கிழிந்த துண்டுகளை மேஜை மேல் வைத்து, விளிம்போடு விளிம்பு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு மணிக்குக் கட்டணக் கவுண்டரின் கண்ணாடி இறங்கியது. தங்கமணி அக்கா சீட்டிலிருந்து ஆறாயிரம் எடுத்துக் கொடுத்திருந்தாள். பாதிப் பணம் வாங்குகிற வழக்கமில்லை என்று கண்ணாடிக்குள்ளிருந்து விரல் ஆடியது.

"நாளைக்கு என்ன பண்ணப்போற?" என்று அக்கா கேட்டாள்.

"போவேன்."

"உள்ள உடமாட்டாங்களே புள்ள."

"வெளியில நிக்கறதுக்குப் பீஸ் இல்லையல்ல?"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இருநூற்று நான்காம் அறையில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். ஹால் டிக்கெட் இல்லாத பிரதீபாவைக் கண்காணிப்பாளர் சிவசண்முகம் வாசலிலேயே நிறுத்தினார். கெட்டவர் இல்லை, நோட்டுத் திருத்துவதில் தாராளமானவர். ஆனால் விதி என்றால் விதி. "போம்மா, அடுத்த நவம்பர்ல எழுதிக்கலாம்," என்றார். அவள் போகவில்லை. தாழ்வாரத்தில் ஜன்னல் ஓரமாக நின்றாள். ஆஃப்ரின் உள்ளிருந்து உதட்டைப் பிதுக்கிக் காட்டிவிட்டு எழுதத் தொடங்கினாள். அவள் இரண்டாவது கேள்விக்கு வந்தபோது சிவசண்முகம் மேடைக்கு முன்னால் நடந்துகொண்டே, "திரும்பாதே, நேராப் பாரு, எனக்குத் தெரியாம இந்த ரூம்ல ஒரு ஈ கூட..." என்றார்.

பத்தரை.

இருபத்தெட்டு பேனாக்கள் மேஜைகளில் விழுந்த சத்தம் ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுந்தது மாதிரி இருந்தது. ஆஃப்ரின் இல்லை. சிவசண்முகம் இல்லை. அறையில் பன்னிரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள், அவர்கள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மீண்டும் குனிந்து எழுதினார்கள். ராகு காலம் என்றால் இப்படித்தான் என்று அவர்களுக்கும் பழகியிருந்தது. காற்றாடிக்குக் கீழே எழுதாத பக்கங்கள் படபடத்தன.

பிரதீபா ஜன்னலை விட்டு வாசலுக்கு நடந்தாள். வாசலில் நிறுத்த யாரும் இல்லை. உள்ளே போனாள். மேடை மேல் மிச்ச வினாத்தாள்களும் விடைத்தாள் கட்டும் இருந்தன. ஒவ்வொன்று எடுத்தாள். மறைந்தவர்களின் இடங்களில் அவரவர் தாள் விரிந்து கிடந்தது, அதில் உட்கார அவளுக்கு மனமில்லை. காலியாக இருந்தது ஒரே நாற்காலிதான், கண்காணிப்பாளருடையது. அதில் உட்கார்ந்தாள், பதிவெண்ணை எழுதினாள், எழுத ஆரம்பித்தாள். மண்ணின் தாங்குதிறன், மண்ணின் நீர் கசியும் வேகம், சரியும் மண்ணைத் தடுக்கும் சுவரின் கனம். இத்தனை கோபத்தோடு அவள் எதையும் எழுதியதில்லை. பேனா முனை தாளில் பள்ளம் பறித்துக்கொண்டு போயிற்று. முன் வரிசைப் பையன் ஒருவன், அவள் கேட்காமலேயே, தன் கால்குலேட்டரை மேடையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் இருந்தார்கள். "...நுழைய முடியாது," என்று சிவசண்முகம் முடித்தார். முடித்துவிட்டுத் திரும்பினார். தன் நாற்காலியைப் பார்த்தார்.

"ஏய்! யாரு உன்னை உள்ள விட்டது?"

"யாரும் தடுக்கலைங்க சார்."

"நான் வாசல்லயே நிறுத்தினேனே! மால்பிராக்டிஸ் இது. எழுதிக் குடுத்தா மூணு வருஷம் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது, தெரியுமா?"

"எழுதிக் குடுங்க சார்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து முறைகேட்டுப் படிவத்தை எடுத்தார். மாணவி பெயர் எழுதினார். பதிவெண் எழுதினார். அறை எண் எழுதினார். அடுத்த கட்டத்தில், மாணவி அனுமதியின்றி நுழைந்த நேரம் என்று இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில், அந்த நேரத்தில் கண்காணிப்பாளர் அறையில் எங்கு இருந்தார் என்று இருந்தது.

பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. நாற்பது பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேர் அவர் எங்கு இருந்தார் என்று தெரிந்தவர்கள். இருபத்தெட்டு பேர், தாங்கள் பாதி வாக்கியத்தில் விட்ட தாளையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து, முதல் முறையாக எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஆஃப்ரினின் முகம் மெல்லச் சிவந்தது.

"சார்," என்றாள் பிரதீபா. அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. எனக்குப் பக்கம் தீந்துருச்சு. அடிஷனல் ஷீட் குடுங்க."

சிவசண்முகம் படிவத்தை மடித்தார், இன்னொரு முறை மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, மூலையில் கையெழுத்துப் போட்டு, நின்றபடியே நீட்டினார். அவள் நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டு, அடுத்த கேள்வியின் எண்ணை எழுதி, அதன் கீழே இரண்டு முறை அழுத்திக் கோடிட்டாள்.